எடை குறைப்பு சர்ஜரிக்குப் பிறகு தீராத சோர்வு, முடி உதிர்வு, தொங்கும் தோல்: எது இயல்பு? எது ஆபத்து?

எடை குறையும்போது தெம்பும் சேர்ந்தே குறைவது ஏன்? மாத்திரையை எப்போது நிறுத்தலாம்? தொங்கும் தோலுக்கு கிரீம் உதவுமா? விரிவாகப் பார்க்கலாம்.

ஆபரேஷன் முடிந்து நான்கு மாதம். வெயிங் மெஷினில் 20 கிலோ குறைந்திருக்கிறது. சுகர் மாத்திரை பாதியாகிவிட்டது. பழைய சுடிதார் எல்லாம் தொளதொள. எல்லாமே நல்ல செய்திதான்.

ஆனால், காலையில் எழுந்தால் கை கால் அசதி. மாடிப்படி ஏறினால் கண் இருட்டுகிறது. தலை சீவினால் சீப்பு நிறைய முடி. இது போதாதென்று கல்யாண வீட்டில் பார்க்கிற சொந்தக்காரர்கள், "என்னம்மா, முகமெல்லாம் வத்திப்போச்சு? உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டு வைப்பார்கள்.

பேரியாட்ரிக் சர்ஜரி செய்துகொண்ட பலரும் கடந்து வருகிற கட்டம் இது. இதில் பெரும்பகுதி எதிர்பார்த்ததுதான், நாள் போகப் போகச் சரியாகிவிடும். ஆனால் ஒரு பகுதி, உடலில் சத்து தீர்ந்துகொண்டிருக்கிறது என்பதற்கான எச்சரிக்கை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். எத்தனையாவது மாதத்தில் வருகிறது, ரத்தப் பரிசோதனை என்ன சொல்கிறது என்பதை வைத்துத்தான் பிரித்துப் பார்க்க முடியும்.

சர்ஜரியில் உள்ளே என்ன மாறுகிறது?

அதிகம் செய்யப்படுவது இரண்டு வகை.

ஸ்லீவ்: இரைப்பையின் 75 முதல் 80 சதவீதம் வரை வெட்டி எடுக்கப்படும். மீதி வாழைப்பழ வடிவில் ஒரு குழாய் போல இருக்கும். பசியைத் தூண்டும் 'கிரெலின்' ஹார்மோனும் குறைவதால் பசியும் குறையும்.

பைபாஸ்: இரைப்பையின் மேல்பகுதியில் மிகச் சிறிய பை மட்டும் உருவாக்கி, அதை நேரடியாகச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைப்பார்கள். சாப்பாடு சிறுகுடலின் முதல் பகுதியைத் தொடாமலே போய்விடும்.

பிரச்னை எங்கே ஆரம்பிக்கிறது என்றால், இரும்புச்சத்தையும் கால்சியத்தையும் அதிகம் உறிஞ்சுவது அந்த முதல் பகுதிதான். வைட்டமின் பி12 உடலில் சேர, இரைப்பை சுரக்கும் அமிலமும் ஒரு புரதமும் வேண்டும். இரைப்பை சிறிதானால் அதுவும் குறையும்.

சுருக்கமாகச் சொன்னால், சாப்பிடுவதும் குறைவு, சாப்பிட்டதில் சேர்வதும் குறைவு. சத்து மாத்திரையை 'ஆயுளுக்கும்' என்று டாக்டர் எழுதித் தருவது இதனால்தான்.

சோர்வு: எந்த மாதத்தில் வருகிறது?

முதல் 6 வாரம்: இந்தக் காலத்தில் சோர்வு வருவது இயல்பு. மயக்க மருந்தின் தாக்கம், காயம் ஆறுவது, மிகக் குறைந்த கலோரி என எல்லாம் ஒன்றாகச் சேரும் நேரம் இது. இதில் பலர் கவனிக்காத காரணம் தண்ணீர். வயிறு சிறியது என்பதால் மடக் மடக்கென்று குடிக்க முடியாது. நாள் முழுக்க வாய் வாயாகக் குடித்து ஒன்றரை முதல் 2 லிட்டரை எட்ட வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

3 முதல் 6 மாதம்: எடை வேகமாகக் குறைகிற காலம். கொழுப்போடு தசையும் கரையும். புரதம் போதாமல் போனால் தசை இன்னும் அதிகமாகக் கரையும். 'வெயிட் குறையுது, ஆனா தெம்பு இல்ல' என்று சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். மாதவிடாய் வருகிற பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைபாடும் இந்தக் காலத்திலேயே தலைகாட்டலாம்.

ஒரு வருடத்துக்குப் பிறகு: இதுதான் கவனமாக இருக்க வேண்டிய கட்டம். எடை ஒரு நிலைக்கு வந்திருக்கும். உடம்பு நன்றாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் பலர் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். நிறுத்திய மறுநாளே எதுவும் ஆகாது. ஏனென்றால் பி12 கல்லீரலில் வருடக்கணக்கில் சேமிப்பாக இருக்கும். அந்த இருப்பு தீரும்போதுதான் அசதி, பாதத்தில் மரமரப்பு, மறதி என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். சர்ஜரி முடிந்து 3 வருடம் கழித்து வருகிற சோர்வை, சர்ஜரியோடு யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும்.

வாந்தி நிற்கவில்லையா? காத்திருக்க வேண்டாம்

பி12 இருப்பு வருடக்கணக்கில் வரும். ஆனால் வைட்டமின் பி1, அதாவது தயமின், இரண்டு மூன்று வாரங்களிலேயே தீர்ந்துவிடக்கூடியது. சர்ஜரி முடிந்த முதல் சில மாதங்களில் தொடர்ந்து வாந்தி எடுப்பவர்களுக்கு இது மளமளவெனக் குறையும்.

அதன் பிறகு வருவது வெறும் அசதி மட்டுமாக இருக்காது. பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சில் குழப்பம் வரும். சிகிச்சை தாமதமானால் மூளையிலும் நரம்பிலும் நிரந்தரப் பாதிப்பு ஏற்படலாம்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். வாந்தி என்றதும் பக்கத்து கிளினிக்கில் போய் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது நம் ஊர் பழக்கம். தயமின் குறைவாக இருப்பவருக்கு அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம். எனவே எந்த டாக்டரிடம் போனாலும், எந்த அவசரத்தில் போனாலும், "எனக்கு எடை குறைப்பு சர்ஜரி ஆகியிருக்கு" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

சத்துக் குறைபாடு இல்லாமலும் சோர்வு வருமா?

வரும். இந்தக் காரணங்களையும் டாக்டரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

- பழைய டோஸ் மாத்திரை: எடை குறையக் குறைய பிரஷரும் சுகரும் தானாகவே இறங்கும். 110 கிலோவில் எழுதிக் கொடுத்த பிரஷர் மாத்திரையை 80 கிலோவிலும் அப்படியே போட்டால் தலைசுற்றலும் மயக்கமும் வரலாம். சுகர் மாத்திரை, இன்சுலினுக்கும் இதே கதைதான். தைராய்டு டோஸையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். நீங்களாகக் குறைக்கக் கூடாது, டாக்டர்தான் மாற்ற வேண்டும்.

- இனிப்பு: பைபாஸ் செய்தவர்கள் ஒரு லட்டோ, டம்ளர் ஜூஸோ எடுத்தால், சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து சுகர் திடீரெனக் கீழே இறங்கும். சாப்பிட்ட பிறகு தினமும் தள்ளாட்டமாக இருந்தால் இதைச் சந்தேகிக்கலாம்.

- வலி மாத்திரை: மூட்டுவலி, தலைவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை, குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு, வயிற்றில் புண்ணை உண்டாக்கலாம். அங்கே ரத்தம் கசிந்தால் ரத்தசோகையும் சோர்வும் பின்னாலேயே வரும்.

- கர்ப்பம்: பிசிஓஎஸ் காரணமாகக் குழந்தை தள்ளிப்போன பெண்களுக்கு, எடை குறைந்ததும் கருத்தரிக்கும் வாய்ப்பு சட்டென்று கூடும். சர்ஜரிக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். பைபாஸ் செய்தவர்களுக்குக் கருத்தடை மாத்திரையை முழுமையாக நம்ப முடியாது. வேறு வழியை டாக்டரிடம் பேசிக்கொள்வது நல்லது.

- தூக்கம்: குறட்டைக்கும் மூச்சுத்திணறலுக்கும் இரவில் மெஷின் வைத்துத் தூங்கியவர்கள், எடை குறைந்துவிட்டது என்று தாங்களாகவே அதை நிறுத்தினால் பகல் சோர்வு திரும்பும்.

- மனசு: ஆசையாகச் சாப்பிட்ட எதையும் சாப்பிட முடியவில்லை, கண்ணாடியில் பார்த்தால் வேறு யாரோ மாதிரி இருக்கிறது என்ற சோகமும் உடம்பை அசத்தும். இதையும் டாக்டரிடம் தயங்காமல் சொல்லலாம்.

என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்?

பொதுவாக முதல் வருடத்தில் 3, 6, 12-வது மாதங்களிலும், அதன் பிறகு வருடத்துக்கு ஒரு முறையும் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், அல்புமின் ஆகியவை இதில் முக்கியமானவை. தேவைப்பட்டால் துத்தநாகம், தாமிரம், வைட்டமின் ஏ, தைராய்டு ஆகியவையும் சேரும்.

'ஹீமோகுளோபின் 12 இருக்கு, அப்புறம் என்ன?' என்று விட்டுவிட வேண்டாம். ஹீமோகுளோபின் என்பது கையில் இருக்கும் காசு மாதிரி. ஃபெரிட்டின் என்பது பேங்கில் இருக்கும் சேமிப்பு. சேமிப்பு காலியாகிக்கொண்டிருக்கும்போதும் கையில் காசு இருக்கும். அந்த நேரத்திலேயே அசதியும் முடி உதிர்வும் தொடங்கிவிடலாம்.

மாத்திரையை எப்படிப் போடுவது?

ஒழுங்காக மாத்திரை போட்டும் சத்து ஏறவில்லை என்றால், பல நேரம் போடுகிற முறையில்தான் கோளாறு இருக்கும்.

- இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடக் கூடாது. ஒன்று மற்றொன்றைச் சேரவிடாது. குறைந்தது 2 மணி நேர இடைவெளி வேண்டும்.

- இரும்பு மாத்திரையை டீ, காபி, பாலோடு போடக் கூடாது. டீயில் உள்ள டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எலுமிச்சைத் தண்ணீர், நெல்லிக்காய் போன்ற வைட்டமின் சி உள்ளவற்றோடு எடுத்தால் நன்றாகச் சேரும்.

- கால்சியம் கார்பனேட் சேர, வயிற்றில் அமிலம் வேண்டும். கால்சியம் சிட்ரேட்டுக்கு அது தேவையில்லை. அதனால் சர்ஜரி செய்தவர்களுக்கு சிட்ரேட் பொருத்தம். ஒரு நாளைக்கு 1,200 முதல் 1,500 மி.கி. வரை, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து எடுக்கச் சொல்வார்கள்.

- பி12 தினசரி மாத்திரையாகவோ மாதம் ஒரு ஊசியாகவோ தரப்படும். மாத்திரை தினமும் மறந்துபோகிறது என்றால் ஊசியைப் பற்றிக் கேட்கலாம்.

- சாதாரண மல்டிவைட்டமின் இவர்களுக்குப் போதாமல் போகலாம். மெடிக்கல் ஷாப்பில் பிராண்டை மாற்றித் தந்தால், அளவு ஒன்றுதானா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

சாப்பாட்டில் என்ன மாற்றம்?

நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்பது பொதுவான இலக்கு. பலருக்கு 60 முதல் 80 கிராம் வரை பரிந்துரைப்பார்கள். கிட்னி பிரச்னை உள்ளவர்கள் டாக்டர் சொல்லும் அளவோடு நிறுத்த வேண்டும்.

நம் தட்டில் இதை எட்டுவது கொஞ்சம் கஷ்டம்தான். ஒரு இட்லியில் சுமார் 2 கிராம் புரதமே இருக்கிறது. இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்துவிட்டால், அந்த வேளைக்குக் கிடைத்தது 4 கிராம். 'உடம்புக்கு முடியலையா, கஞ்சி குடி' என்று வீட்டில் அன்பாகக் கொடுக்கிற அரிசிக் கஞ்சியிலும் புரதம் மிகக் குறைவு.

தோராயக் கணக்கு இது: ஒரு முட்டையில் 6 கிராம். 100 கிராம் மீனில் 20 கிராம். 50 கிராம் பனீரில் 9 கிராம். ஒரு டம்ளர் பாலில் 6 முதல் 7 கிராம். சின்னக் கப் சுண்டல் அல்லது கெட்டிப் பருப்பில் 7 கிராம். 25 கிராம் சோயா உருண்டையில் 13 கிராம்.

தட்டில் முதலில் புரதம், பிறகு காய்கறி, இடம் இருந்தால் சோறு என்று வரிசையை மாற்றுங்கள். சாம்பாரில் மேலே தெளிவை ஊற்றாமல் அடியில் இருக்கும் பருப்பை அள்ளிப் போடச் சொல்லுங்கள். முதல் சில மாதங்களில் சாப்பாட்டால் மட்டும் இந்த அளவை எட்ட முடியாது என்பதால் புரோட்டீன் பவுடர் தேவைப்படும்.

கூடவே நடையும் வேண்டும். காயம் முழுக்க ஆறி சர்ஜன் அனுமதித்த பிறகு, லேசான எடை தூக்கும் பயிற்சியும் சேர்ந்தால்தான் தசை தங்கும். சோர்வாக இருக்கிறது என்று படுத்தே கிடந்தால் தசை இன்னும் கரையும், சோர்வு கூடும்.

முடி கொட்டுவது நிற்குமா?

பெரும்பாலும் நிற்கும். சர்ஜரி, வேகமான எடை இழப்பு என்ற அதிர்ச்சியில், வளர்ந்துகொண்டிருந்த முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குப் போகும். சுமார் 3 மாதம் கழித்து மொத்தமாக உதிரும். வேர் அழிவதில்லை என்பதால் அடுத்த சில மாதங்களில் மறுபடி வளரும்.

ஒரு வருடத்தைத் தாண்டியும் கொட்டினாலோ, தாமதமாகத் தொடங்கினாலோ, ஃபெரிட்டின், துத்தநாகம், புரதம், தைராய்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

பயோட்டின் மாத்திரையை அள்ளிப் போட்டால் சரியாகுமா? பயோட்டின் குறைபாடு இல்லாதவருக்கு அதனால் முடி வளரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அதோடு, அதிக டோஸ் பயோட்டின், தைராய்டு டெஸ்ட், மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் டெஸ்ட் ஆகியவற்றின் முடிவைத் தவறாகக் காட்டலாம் என்று அமெரிக்காவின் எஃப்டிஏ 2017-ல் எச்சரித்தது. பயோட்டின் எடுப்பவர்கள் டாக்டரிடமும் லேபிலும் அதைச் சொல்லிவிட வேண்டும்.

தோல் சொல்லும் செய்தி என்ன?

முதலில் நல்ல செய்தி. கழுத்திலும் அக்குளிலும் இருந்த கருமை, எவ்வளவு தேய்த்தாலும் போகாமல் இருந்திருக்கும். அது அழுக்கு கிடையாது. ரத்தத்தில் இன்சுலின் அதிகமாக இருந்ததன் அடையாளம். எடையும் இன்சுலினும் குறையும்போது அந்தக் கருமையும் மங்கும்.

கவனிக்க வேண்டியவை: தோல் வெளிறினால் ரத்தசோகையாக இருக்கலாம். உதட்டு ஓரம் வெடித்து நாக்கு வழவழப்பானால் இரும்பு அல்லது பி வைட்டமின் குறைபாடு. வாயைச் சுற்றிச் சொறி போல வந்து புண் ஆறத் தாமதமானால் துத்தநாகம். தோல் வறண்டு சொரசொரப்பாகி, இரவில் கண் தெரியாமல் போனால் வைட்டமின் ஏ. இவை சந்தேகிக்க மட்டுமே. டெஸ்ட்தான் உறுதி செய்யும். துத்தநாகத்தை நீங்களாக அதிகம் எடுத்தால் தாமிரம் குறைந்து நரம்பு பாதிக்கப்படலாம்.

தொங்கும் தோலுக்கு கிரீம் உதவுமா?

வருடக்கணக்கில் இழுபட்டுக் கிடந்த தோல், பழைய நைட்டியின் எலாஸ்டிக் மாதிரி. உள்ளே இருக்கும் கொலாஜன், எலாஸ்டின் இழைகள் தளர்ந்துபோனதால் முழுமையாகத் திரும்பச் சுருங்காது. எவ்வளவு எடை குறைந்தது, வயது என்ன, சிகரெட் பழக்கம் உண்டா என்பதைப் பொறுத்து தொங்கல் கூடும், குறையும். அதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை.

மாய்ஸ்ச்சரைசர் வறட்சியைப் போக்கும். உடற்பயிற்சி உள்ளே தசையை நிரப்பி, பார்க்கக் கொஞ்சம் மேம்படுத்தும். ஆனால் உபரித் தோலை எந்த கிரீமும் எண்ணெயும் மறையச் செய்யாது. 'ஒரே மாதத்தில் டைட்' விளம்பரத்துக்குச் செலவழிக்கிற காசை முட்டைக்கும் பருப்புக்கும் செலவழிக்கலாம்.

மடிப்பில் அரிப்பு, புண் வந்தால்?

வயிற்று மடிப்பு, மார்பின் அடி, தொடை இடுக்கில் வியர்வை தங்கி, உரசி, பூஞ்சைத் தொற்று வரும். நம் வெயிலுக்கு இது இன்னும் அதிகம்.

- குளித்ததும் மடிப்பை விரித்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றித் துடைக்க வேண்டும். ஃபேன் காற்றில் முழுக்க உலர்ந்த பிறகே துணி உடுத்த வேண்டும்.

- மடிப்புக்கு இடையே மெல்லிய காட்டன் துணி வைக்கலாம். ஈரமானால் உடனே மாற்ற வேண்டும்.

- மெடிக்கல் ஷாப்பில் 'அரிப்புக்கு ஒரு கிரீம் கொடுங்க' என்று கேட்டு வாங்காதீர்கள். இப்படிக் கிடைக்கும் பல டியூப்களில் பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கும். இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், ஆனால் தொற்று உள்ளுக்குள் பரவும், தோல் மெலிந்து வரி வரியாகும். தோல் டாக்டரைப் பார்ப்பதே சரி.

தோலை அகற்றும் சர்ஜரி எப்போது?

அவசரப்படக் கூடாது. எடை குறைப்பு சர்ஜரி முடிந்து 12 முதல் 18 மாதமாகி, எடை குறைந்தது 3 முதல் 6 மாதமாவது ஏறாமல் இறங்காமல் நிலையாக இருக்க வேண்டும். ரத்தசோகையும் புரதக் குறைபாடும் சரியாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் காயம் ஆறாது. சிகரெட்டை நிறுத்தியே ஆக வேண்டும். இதுவும் பெரிய ஆபரேஷன்தான். நீளமான தழும்பு இருக்கும்.

இன்ஷூரன்ஸ் கிடைக்குமா? ஐஆர்டிஏஐ விதிப்படி, பாலிசியில் உடல் பருமன் சிகிச்சை விலக்கப்பட்டிருந்தாலும், டாக்டர் பரிந்துரையோடு, 18 வயது நிறைந்து, பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அல்லது தீவிர இணைநோயோடு 35 அல்லது அதற்கு மேல் இருந்தால் எடை குறைப்பு சர்ஜரிக்கு அந்த விலக்கு பொருந்தாது. ஆனால் அழகுக்காகச் செய்யும் சர்ஜரிக்கு விலக்கு உண்டு. உடல்நலத்துக்கு நேரடி ஆபத்தை நீக்க மருத்துவ ரீதியாகத் தேவை என்றால் மட்டுமே தோல் சர்ஜரிக்குக் கேட்டுப் பார்க்க முடியும். அதனால் மடிப்பில் திரும்பத் திரும்பப் புண் வருகிறது என்றால், ஒவ்வொரு முறையும் டாக்டர் சீட்டையும் போட்டோவையும் பத்திரப்படுத்துங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது எப்போது?

- தண்ணீர்கூடத் தங்காமல் தொடர்ந்து வாந்தி
- பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாட்டம், குழப்பமான பேச்சு
- மலம் கறுப்பாகத் தார் போலப் போவது
- காய்ச்சல், கடுமையான வயிற்றுவலி, இதயம் வேகமாகத் துடிப்பது
- ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி
- மயங்கி விழுவது

கை கால் மரமரப்பு, பாதத்தில் எரிச்சல் இருந்தால் அடுத்த செக்-அப் வரை காத்திருக்காமல், அந்த வாரமே டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று...

எடை குறைப்பு சர்ஜரியை ஒருநாள் வேலையாகப் பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஆபரேஷன் தியேட்டரில் முடிவது பாதிதான். மீதி, தினமும் மாத்திரை டப்பாவிலும் சாப்பாட்டுத் தட்டிலும் நடக்கிறது. கடைசியாக ரத்தப் பரிசோதனை எப்போது எடுத்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஞாபகம் வரவில்லை என்றால், இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

அடுத்த முறை கல்யாண வீட்டில் "என்ன வத்திப்போயிட்ட?" என்று யாராவது கேட்டால், பதில் சொல்ல ரிப்போர்ட் உங்கள் கையில் இருக்கும்.

(பொறுப்பு துறப்பு: இந்தக் கட்டுரை பொதுவான தகவலுக்கு மட்டுமே. மருந்தின் அளவு, பரிசோதனை, சிகிச்சை ஆகியவற்றை உங்கள் மருத்துவரின் ஆலோசனைப்படியே முடிவு செய்யவும்.)